வாடைக் காலத்துக் கைக்குழந்தை: புத்தளக் கரையோர வீடுகளும் இரவுக் குளிரும்

புத்தளத்தில் குளிரா என்று நுவரெலியாக்காரர் கேட்கக்கூடும். உப்பளமும் தென்னந்தோப்பும் வெயிலுமாகவே இந்தக் கரையை நாடு அறியும். உலர் வலயம், பகலில் 30 பாகை செல்சியஸ் சாதாரணம். தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பமானி பெரும்பாலும் 21, 22 பாகை அளவில்தான் நிற்கும். பிரித்தானியாவில் தாய்மாருக்குக் கொடுக்கும் அறிவுரையோ, குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 பாகை வரை இருந்தால் நல்லது என்கிறது. அந்தக் கணக்கில் கல்பிட்டிக் கடலோரக் கந்தக்குளியின் கூதல் இரவும் லண்டன் குழந்தைக்குச் சற்று வெக்கையான இரவுதான். ஆனாலும் மார்கழி, தை மாதங்களில் கல்பிட்டிக் குடாநாட்டிலும் முந்தலிலும் உடப்பிலும் உம்மம்மாமாரும் அம்மம்மாமாரும் பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து, "கூதல் புடிச்சிட்டு" என்று சொல்வது வெறும் பயமல்ல. வெப்பமானி சொல்வதும் உண்மை, அந்தக் கை சொல்வதும் உண்மை. இரண்டும் ஒருசேர உண்மையாவது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் தொடக்கக் கேள்வி.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்தபோது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் சில நாட்களுக்குள் இறந்துபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். எங்கும் பனி உறையவில்லை. மழையில் நனைந்த உடம்போடு, ஓயாமல் வீசிய காற்றில், ஒதுங்க இடமில்லாமல் நின்ற விலங்குகள் அவை. நம் நாட்டின் கரையோரத்தில் குளிர் காற்றாகவும் ஈரமாகவும் வருகிறது. வெப்பமானியில் அது பாதிதான் தெரியும். லண்டன் அறையின் 18 பாகையில் காற்று அசையாது, துணி உலர்ந்திருக்கும், சுவருக்குள் வெப்பத்தடுப்பு இருக்கும், குழந்தை பல அடுக்கு உடுப்போடு கிடக்கும். கிடுகு மறைப்புக்குள் 22 பாகையில், மூத்திரத்தில் நனைந்த ஒற்றைத் துணியோடு, இடுக்குவழி வாடை மேலே பட்டபடி கிடக்கும் குழந்தை அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும்.

பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை வரை இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்புப்படி 36.0க்கு இறங்கும்வரை அது குளிர் அழுத்தம். 36க்கும் 32க்கும் இடைப்பட்டது நடுத்தர உடற்குளிர்வு. 32க்குக் கீழே போனால் கடுமையானது. மூன்று கிலோக் குழந்தையின் தோற்பரப்பு, அதன் எடையோடு பார்க்கையில், வளர்ந்தவருடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்தத் தோலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தலையிலே இருக்கிறது. நம்மைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் கொண்டுபிறந்த பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு எடுக்கிறது. அப்படி எரிப்பதற்கு ஒட்சிசனும் சீனியும் செலவாகின்றன. செலவு கூடிய பிள்ளை சோர்ந்துபோகும். சோர்ந்த பிள்ளை பால் இழுக்காது. பால் இறங்காத பிள்ளை இன்னும் குளிரும். குறைமாதத்தில் அல்லது 2,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த பிள்ளைகளிடம் அந்தக் கொழுப்பே சொற்பம். இலங்கையில் பத்துக்கு ஒரு பிள்ளைக்கு மேல் இந்தக் குறைந்த எடையோடுதான் பிறக்கிறது.

ஈரத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பம் வேண்டும். மூன்று கிலோக் குழந்தையின் உடல் முழுவதும் ஒரு பாகை இறங்குவதற்கு இழக்கவேண்டியது சுமார் 10 கிலோயூல். ஒரு தேக்கரண்டித் தண்ணீர், அதாவது ஐந்து கிராம், உடம்பின் சூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு காய்ந்தால், குழந்தை ஈடுசெய்யாதவரை, உடல் வெப்பம் ஒரு பாகை இறங்கிவிடும். ஒரு தடவை நனைந்த நாப்பியில் இருப்பது அதைப்போல் பல மடங்கு. காற்று வீசாத அறையில் அந்த ஈரம் மெல்லக் காயும். காற்று வீசினால் சூடு பறிபோகும் வேகம் பிள்ளை ஈடுகட்டும் வேகத்தை மிஞ்சிவிடும். குழந்தையைச் சூடாக வைத்திருப்பதில் கம்பளிக்கு முன்னால் உலர்ந்த துணி நிற்பது இதனால்தான்.

வெப்பநாட்டுக் குழந்தைகள் குளிர்ந்துபோவது பற்றி மருத்துவ உலகம் நெடுங்காலம் அலட்சியமாகவே இருந்தது. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று அந்த அலட்சியத்தைக் குலைத்தது. சர்லாஹி இமயமலையின் உச்சியில் இல்லை. பீகாரை ஒட்டிய வெப்பச் சமவெளி. லூக் முல்லனியும் குழுவினரும் 23,240 பச்சிளங்குழந்தைகளின் வெப்பத்தை வீடு வீடாக அளந்து 2010இல் வெளியிட்ட முடிவில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரு தடவையாவது 36.5 பாகைக்குக் கீழே போயிருந்தன. வெயில் காலத்துக் குழந்தைகளும் அதில் அடக்கம். முதல் அளவீட்டில் வெப்பம் ஒவ்வொரு பாகை குறையக் குறைய இறப்பு அபாயம் 80 வீதம் அளவில் கூடியது. இலங்கையின் நிலை அவ்வளவு மோசமில்லை. இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில்தான். பிறந்தவுடன் துடைத்து, தாயின் நெஞ்சில் போட்டு, முதல் மணித்தியாலத்தில் பால் கொடுக்கும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஓரிரு நாட்களில் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகிறார்கள். அதன்பிறகு பிள்ளையின் இரவுகள் அந்த வீட்டின் சுவர்களையும் கூரையையும் நம்பியவை.

அந்த வீடு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது முக்கியம். கல்பிட்டிக் குடாநாடு ஒடுங்கிய மணற்றிடல். மேற்கே திறந்த கடல், கிழக்கே புத்தளம் களப்பு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகம், கடற்பக்கத்துக் கந்தக்குளி, ஆலங்குடா, தலவில ஊர்களை அறையும். பலமான காற்று, ஆனால் சூடான காற்று. அது மணலைத்தான் பிள்ளையின் கண்ணில் போடும். அந்தப் பலத்தை நம்பித்தான் மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் எழுந்தன. கார்த்திகையிலிருந்து மாசி வரை வீசும் வாடை அவ்வளவு உரத்ததல்ல. அது வடகிழக்கிலிருந்து களப்பைக் கடந்து, மழை ஈரத்தோடும் பின்னிரவுப் பனியோடும் வரும். களப்போரத்து ஏத்தாளையிலும் கல்பிட்டி நகரிலும் அதை முதலில் வாங்குவது வீட்டின் பின்புறம். குசினியும் கிடுகு மறைப்பும் பழைய தகரமும் உள்ள பக்கம். தெற்கே உடப்பில், கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் ஒன்றுக்கொன்று மறைப்பாக நிற்கின்றன; அந்த நெருக்கத்தைக் குறை சொல்பவர்கள் வாடைக் காலத்தில் அதனால் வரும் நன்மையையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இந்த மேற்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது வாடைக் காலத்தில்தான். அதனால் மீன்பிடிப் பருவமும் அதுவே. ஐப்பசியிலிருந்து சித்திரை வரை கரையிலும் பத்தலங்குண்டு போன்ற தீவுகளிலும் கிடுகு வாடிகள் எழும். குடும்பமாகப் போகிறவர்களும் உண்டு. ஊரில் கல்வீடு பூட்டிக் கிடக்க, ஆண்டின் குளிர்ந்த மாதங்களைக் கைக்குழந்தை ஆண்டின் மெலிந்த சுவருக்குள் கழிக்கிறது. வீடமைப்புப் புள்ளிவிவரத்தில் இந்தக் குழந்தை கல்வீட்டுக் குழந்தையாகவே பதிவாகும்.

கிடுகுக்குள் கழிந்த வாடைக் காலங்களைப் பற்றிப் பேசும்போது 1990ஐச் சொல்லாமல் போகமுடியாது. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தவருக்குச் சில மணித்தியாலம், மன்னாரில் இரண்டு நாள் அவகாசம். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கடலால் கல்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். வந்து சேர்ந்தது மழை தொடங்கும் மாதம். தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகும் தறப்பாளும் கொண்டு எழுந்த முகாம்கள் ஒரு பருவத்துக்கென்று போடப்பட்டவை. அவற்றுள்ளே ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, தானும் பிள்ளை பெற்றது. உலக வங்கியின் உதவியுடன் புத்தளம் வீடமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது 2007இல். வெளியேற்றத்துக்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு. அதன்மூலம் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கல்வீடு பெற்றன. அத்தனை வாடைக் காலங்களிலும் கிடுகுக் கொட்டிலில் பிள்ளை வளர்த்த பெண்களுக்குத் தெரிந்ததை யாரும் முறையாகக் கேட்டு எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. காற்று வரும் பக்கத்தில் தான் படுத்துப் பிள்ளையை உட்பக்கம் கிடத்துவது, சாக்கைப் பிரித்து இரட்டை மடிப்பாகக் கிடுகின் உட்புறம் தைப்பது, தரையில் பாய்க்குக் கீழே உலர்ந்த ஓலை போடுவது என்று அவர்கள் செய்தவை வெப்பவியல் பாடநூலுக்கு ஒத்துப்போகின்றன.

கல்வீடு வந்தால் குளிர் போய்விடும் என்றும் சொல்லமுடியாது. நன்றாக வேய்ந்த கிடுகுக் கூரை பகல் வெயிலையும் இரவுப் பனியையும் தகரத்தைவிட நன்றாகத் தடுக்கும். அதன் குறை சுவரிலே. புதுக்கிடுகு நெருங்கியிருக்கும், ஓர் ஆண்டு மழை வெயிலில் காய்ந்து சுருங்கியபின் ஒவ்வொரு ஓலைக்கிடையிலும் காற்று நுழையும். சீமெந்துக் கற்சுவரோ காற்றைத் தடுக்கும்; ஆனால் தகரக் கூரை தெளிந்த வானத்து இரவில் தன் சூட்டை மேலே கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வீட்டுக்குள் உறங்குவோரின் மூச்சு ஈரம் அதன் அடியில் துளியாய்த் திரண்டு விடியற்காலையில் சொட்டும். துளி விழாவிட்டாலும், குளிர்ந்த தகரத்துக்கு நேர்கீழே கிடக்கும் குழந்தை காற்றே படாமலும் தன் சூட்டைக் கூரைக்கு இழந்துகொண்டிருக்கும். கூரைக்கும் பிள்ளைக்கும் நடுவே ஏதாவது ஒரு மறைப்பு இருந்தால் போதும்: பழைய சேலையை நான்கு மூலை கட்டி விதானமாக இழுப்பது, தகரத்தின் மேல் கிடுகு போடுவது, உட்கூரையாகப் பாயைக் கட்டுவது. நுளம்பு வலைகூடக் காற்றின் வேகத்தைச் சற்று உடைக்கும். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டாலும் டெங்கு இருக்கும்வரை வலை எப்படியும் வேண்டும்.

சுவரை அடைப்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறிப்போகிறார்கள். குளிர் என்றதும் யன்னலையும் கதவையும் கூரையடி இடைவெளியையும் ஒன்றுவிடாமல் அடைத்து, உள்ளே புகைபோடுகிறார்கள். பிள்ளைக்கு வேண்டியது வேறு. காற்று அதன்மேல் படக்கூடாது. அறைக்குள் காற்று வந்துபோகவும் வேண்டும். பிள்ளை கிடப்பது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குள். வாடை வரும் வடக்கு, கிழக்குச் சுவர்களின் அடிப்பாகத்தை, உட்கார்ந்தவர் தலை உயரம் வரைக்கும், இரட்டைக் கிடுகாலோ பன்பாயாலோ தறப்பாளாலோ நெருக்கமாக மறைத்தால் போதும். கதவின் கீழிடுக்கில் பழந்துணியைச் சுருட்டி வைக்கலாம். சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள திறப்பைக் காற்று எதிர்ப்புறமான தெற்கு, மேற்குப் பக்கத்தில் விட்டுவைக்கவேண்டும். ஈரமும் புகையும் அந்த வழியால் வெளியேறும். பிள்ளையின் படுக்கையை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போடவேண்டும். வெறுஞ்சீமெந்துத் தரையில் ஒற்றைப் பாய் போதாது. பலகையோ தட்டையான கட்டிலோ இருந்தால் நல்லது. பொலித்தீன் விரிப்பைப் பாய்க்குக் கீழே மட்டும் போடலாம், பிள்ளைக்கு அருகில் விடக்கூடாது. மூக்கில் ஒட்டினால் உயிராபத்து.

புகையைப் பற்றி நான் கண்டிப்பாகவே எழுதுகிறேன். குளிருக்குப் பயந்து சிரட்டைக்கரித் தணலைச் சட்டியில் எடுத்துப் பிள்ளையின் அறையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது கொலைக்கு ஒப்பான ஆபத்து. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை; தூங்குபவர் விழிக்கமாட்டார். சாம்பிராணி பிள்ளைக்குச் சூடு தருவதில்லை. குளித்த தலைமயிர் காயட்டும் என்று காட்டுவார்கள், அதை ஓர் உலர்ந்த துணி இன்னும் நன்றாகச் செய்யும். பொச்சும் விறகும் எரியும் குசினி, பிள்ளை தூங்கும் அறையோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால், அந்தப் புகையில் வளரும் பிள்ளைக்கு நெஞ்சுச்சளியும் நிமோனியாவும் வரும் வாய்ப்புக் கூடும். 2022இன் எரிவாயுத் தட்டுப்பாட்டில் விறகுக்குத் திரும்பிய வீடுகள் பல. அடுப்பை வீட்டின் காற்று எதிர்ப்புறத்துக்கு மாற்ற முடியுமானால் வாடைக் காலத்துக்கு முன்பே மாற்றவேண்டும். இரவு முழுக்கப் பிள்ளையருகே மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு எரியவிடும் வழக்கம் மின்சாரம் இல்லாத வாடிகளில் இன்னும் இருக்கிறது. இந்த விளக்கு சரிந்து எரிந்த உடல்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து செய்து மனம் நொந்தே வைத்தியர் விஜய கொடகும்புர, கவிழாத, தடித்த கண்ணாடியாலான சிறு விளக்கொன்றை வடிவமைத்தார். 1998இல் அதற்காக ரோலெக்ஸ் விருது பெற்றார். கிடுகு வீட்டில் தீ என்பது நிமிடக் கணக்கு.

அப்படியானால் சூடு எங்கிருந்து வரும்? தாயிடமிருந்து. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மகப்பேற்று வைத்தியசாலையில் இன்குபேட்டர்கள் போதாமல் இரண்டு மூன்று குழந்தைகளை ஒன்றில் கிடத்தவேண்டியிருந்தபோது, வைத்தியர் எட்கர் ரேய் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று அது இன்று உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஷிவ்கட் பகுதியில், வீட்டிலேயே தோலோடு தோல் அணைப்பதையும் பிள்ளையை உலர்த்திப் பேணுவதையும் ஊர்ப் பெண்கள் வழியாகப் பரப்பிய ஆய்வில், பச்சிளங்குழந்தை இறப்பு பாதிக்கு மேல் குறைந்ததாக 2008இல் வெளியிட்டார்கள். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பிள்ளைக்கு நாப்பியும் தொப்பியும் மட்டும்; தாயின் இரு மார்புகளுக்கு நடுவே நிமிர்ந்து, தலை ஒருபக்கம் திரும்பி, மூக்கு தெரியும்படி; மேலே சேலையோ சாரமோ சுற்றிக் கட்டு; அதற்கு மேல் தாயின் போர்வை. தாய் களைத்தால் வாப்பாவின் நெஞ்சும் அதே வேலை செய்யும். கடலுக்குப் போய்வந்த தகப்பன் பிள்ளையைத் தூக்கத் தயங்குவது நம் கரையில் பழகிப்போன ஒன்று. குளித்து உலர்ந்து வந்து ஒரு மணித்தியாலம் அவர் பிள்ளையை நெஞ்சில் வைத்திருந்தால், அந்த நேரம் தாய் தூங்குவாள். இந்த முறை முக்கியமாக எடை குறைந்த பிள்ளைகளுக்கானது. நிறைமாதப் பிள்ளைக்கும் மழை அடித்து ஊற்றும் ஓர் இரவில் இதைவிட நல்ல கணப்பு இல்லை.

தாயும் பிள்ளையும் ஒரே பாயில் படுப்பது இங்கே இயல்பு. மேற்கு நாடுகளின் சில கையேடுகள் அதை அடியோடு தடுக்கப் பார்க்கின்றன. காற்று நுழையும் வீட்டில் தாயின் உடற்சூட்டிலிருந்து பிள்ளையைப் பிரிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் அந்தத் தடைக்குப் பின்னாலுள்ள அபாயம் உண்மையானது. மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் இல்லாத உறுதியான பாய், மல்லாந்து கிடத்தல், முகத்துக்கு மேலே ஏறாத போர்வை, படுக்கையில் புகைபிடித்தவரோ குடித்தவரோ இல்லாமை ஆகியவை இருந்தால் அபாயம் வெகுவாகக் குறையும். குறைமாதப் பிள்ளைக்கு அதே பாயில் அல்லாமல், கைக்கெட்டும் தூரத்தில் தனி இடம் பாதுகாப்பு. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே இதே சிக்கல் எழுந்தபோது, அவர்கள் 2006 அளவில் நாரால் முடைந்த ஆழமற்ற தொட்டிற்கூடையைப் பெற்றோரின் படுக்கைக்குள்ளேயே வைக்கத் தொடங்கினார்கள்; பிள்ளை பக்கத்திலும் இருக்கும், நசுங்கவும் செய்யாது. பன்னிலும் பனையோலையிலும் பாயும் பெட்டியும் முடையும் பெண்கள் உள்ள இந்த மாவட்டத்தில் அப்படி ஒன்றைச் செய்ய இறக்குமதி எதுவும் தேவையில்லை.

ஏணை வேறு கதை. வெயில் காலத்தில் அதைப்போல் சுகமான படுக்கை இல்லை. பிள்ளையின் அடியிலும் காற்று ஓடும். அதே காரணத்தால் வாடைக் கால இரவுக்கு அது ஏற்றதல்ல. மெல்லிய சேலை ஒன்றே முதுகுக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும். பகலில், நாலாக மடித்த பருத்தித் துணி விரித்து, கண் பார்வையில் ஆட்டலாம். மிகச் சிறிய பிள்ளையின் நாடி நெஞ்சில் ஒட்டுமாறு ஏணை குழிந்தால் மூச்சு முட்டும், அதையும் கவனிக்கவேண்டும்.

எண்ணெய் பூசுவதில் முதியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் வந்திருக்கிறது. குறைமாத, எடை குறைந்த குழந்தைகளின் தோலில் எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. இந்தத் தென்னை மண்ணில் சுத்தமான தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. குளிப்பாட்டுவதில் இரண்டு விடயம் மாறவேண்டும். முதல் குளிப்பு பிறந்து 24 மணித்தியாலம் கழிந்த பிறகே. அதன்பிறகும் மழை நாளில் தினமும் குளிப்பாட்ட வேண்டியதில்லை, துடைத்தால் போதும். குளிப்பாட்டுவதானால் வெயில் ஏறிய பதினொரு மணியளவில், வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரில், காற்று மறைந்த இடத்தில், சுருக்கமாக. வேலைக்குப் போகும் அவசரத்தில் விடியற்காலையில் குளிப்பாட்டுவது இந்தக் கரையில் பிள்ளையைக் குளிரவைக்கும் முதற்காரணமாகலாம் என்று நினைக்கிறேன்.

குளிர்ப் பயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதிகாலை 22 பாகைக்கு உடுத்திய கம்பளித் தொப்பி, கையுறை, காலுறை, ஸ்வெட்டர் எல்லாம் நடுப்பகல் 30 பாகையிலும் பிள்ளைமேல் இருப்பதைக் கிளினிக் வரிசையில் பார்க்கலாம். வியர்த்து நனைந்த அந்த உடுப்பே மாலையில் காற்றுப்பட்டதும் குளிராக மாறும். அதிக வெப்பம் பிள்ளையின் நீரை வற்றச் செய்யும். தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தோடும் அதற்குத் தொடர்புண்டு. வீட்டுக்குள் தூங்கும்போது நிறைமாதப் பிள்ளைக்குத் தொப்பி வேண்டாம். தலைவழியாகவே அது மிகுதிச் சூட்டைக் கழிக்கிறது. பிறந்த முதல் நாட்களும், எடை குறைந்த பிள்ளையும், கங்காருக் கட்டும் இதற்கு விலக்கு. நாம் உடுத்தியிருப்பதைவிட ஒரு அடுக்குக் கூட என்பது நல்ல அளவு. மெல்லிய பருத்தி அடுக்குகள் பல இருந்தால் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

அளந்து பார்க்க உம்மம்மாவின் கை போதும். வயிறும் பாதமும் இளஞ்சூடாக, பாதம் சிவந்திருந்தால் பிள்ளை சுகம். வயிறு சூடு, பாதம் குளிர் என்றால் குளிர் தாக்கத் தொடங்கியிருக்கிறது: துணி மாற்றி, நெஞ்சோடு அணைத்து, பால் கொடுக்கவேண்டும். இரண்டும் குளிர்ந்திருந்தால் உடற்குளிர்வு. கக்கத்தில் வெப்பமானி வைத்து 35.5க்குக் கீழே காட்டினாலும், பிள்ளை பால் இழுக்காமல் துவண்டாலும், மூச்சு நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினாலும், நெஞ்சு உள்வாங்கினாலும் காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். குடாநாட்டின் நுனியிலிருந்து புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். போகும் வழியெல்லாம் பிள்ளை தாயின் நெஞ்சிலேயே இருக்கவேண்டும். சுடுநீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து ஏற்றி அனுப்பினால் தோல் வெந்துபோகும்.

இவ்வளவையும் தாயின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போவது நியாயமல்ல. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 1990களில் ஊர்ப் பெண்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பியபோது, அந்தப் பெண்கள் சூடு காக்கும் துணிப்பையையும் கையோடு கொண்டுபோனார்கள். பின்லாந்து 1938இலிருந்து தாய்மாருக்குக் குளிருடுப்புப் பெட்டி கொடுத்துவருகிறது. தமிழ்நாடு 2015இல் பதினாறு பொருள் கொண்ட குழந்தை நலப் பெட்டகத்தைத் தொடங்கியது. இலங்கை அதே ஆண்டு கர்ப்பிணிகளுக்குப் பத்து மாதம் போசாக்கு உதவி தொடங்கியது. பிள்ளை பிறந்தபின் படுக்கப்போகும் மூலையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: முதல் பத்து நாளுக்குள்ளேயே வாசலுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், ஊரார் வாயில் மிட்வைஃப் மிஸ். அவர் கொப்பூழையும் மார்பையும் எடையையும் பார்க்கிறார். பிள்ளை படுக்கும் இடம், காற்று வரும் சுவர், அடுப்பின் தூரம் என்று மூன்றைக் கர்ப்ப காலத்திலேயே பார்த்துக் குறிக்கும்படி பதிவேட்டில் ஒரு பகுதி சேர்த்தால், ஐப்பசிக்கு முன் அந்தச் சுவரைச் செப்பமிட நேரம் கிடைக்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தையும் மூழ்கடித்தபோது ஈரத் தரைகளுக்குத் திரும்பிய குடும்பங்களில் கைக்குழந்தைகளும் இருந்தன. நிவாரணப் பொதியில் அரிசியும் பருப்பும் பால்மாவும் முதலில் வரும். பிரதேச செயலகங்கள் பிள்ளையுள்ள வீட்டுக்கென்று ஒரு தறப்பாளும், இரண்டு உலர்ந்த போர்வையும், ஒரு பன்பாயும் தனியாக எடுத்துவைத்து, கர்ப்பிணிகளின் பட்டியலைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் புரட்டாதியிலேயே கேட்டு வாங்கலாம். கார்த்திகைக்கும் மாசிக்கும் நடுவே பிள்ளை பிறக்கப்போகும் வீடுகள் அந்தப் பட்டியலில் ஏற்கெனவே உள்ளன. பத்தலங்குண்டுக்குப் போகும் குடும்பங்களின் பெயரையும் வள்ளம் புறப்படுமுன் அதில் குறித்துக்கொள்ளவேண்டும்.